பக்கத்தில் நின்று பார்த்தவன்

தம்பி,

ரிங்கிட்டின் மதிப்பு விழுந்த வருஷம் அது. சுமத்ராவில் காடு எரிந்த புகை கடல் தாண்டி வந்து, கிள்ளானில் பட்டப்பகலில் லோரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடின. பிரிக்பீல்ட்ஸில் புதிய ரயில் நிலையம் கட்டுவதற்காகப் பழைய ரயில்வே நிலத்தைக் கிளறிப் போட்டிருந்தார்கள். நீ முதலாம் வகுப்பில் இருந்தாய். புகைக்காகப் பள்ளிக்கூடத்தை மூடியபோது நம் வீட்டில் சந்தோஷப்பட்டவன் நீ ஒருவன்தான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருஷத்தின் எண்ணும் நினைவில் நிற்காது. இது நடந்தபோது அது நடந்தது என்றுதான் மண்டைக்குள் அடுக்கி வைத்திருக்கிறேன். அந்த அடுக்கில் எதுவும் இதுவரை தொலைந்ததில்லை. தொலைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிற ஒன்று அந்தப் புகை வருஷத்தில் இருக்கிறது.

வரும் வெள்ளிக்கிழமை உன் ஆய்வு அறிக்கையை அனுப்பப் போகிறாய். அடுத்த மாதம் ஜெர்மனிக்குப் புறப்படுகிறாய். அறிக்கையின் முதல் பக்கத்தில் நன்றி சொல்கிற இடத்தில் என் பெயர் இருக்கிறது என்று போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினாய். உன் அக்கா கைதட்டினாள். நான் எழுந்து கை கழுவப் போனேன். அந்தப் பெயர் அங்கே இருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். பேசுகிறபடி எழுதாதே, அச்சில் வருகிற தமிழில் எழுது என்று சொல்லியிருக்கிறேன். உனக்கு ஒரு பிரதி, ஞாயிற்றுப் பத்திரிகைக்கு ஒரு பிரதி. "பேப்பருக்கு எதுக்குப்பா? வீட்டு விஷயம்தானே?" என்கிறாள். நான் அந்தக் காரியத்தை ஒரு பட்டறையே பார்த்திருக்கச் செய்தேன். அதனால் நாலு பேர் பார்க்கத்தான் இதையும் சொல்ல வேண்டும்.

முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. எனக்குப் பொறாமை, தம்பி. பிரிக்பீல்ட்ஸ்காரன் மேல். நீ அங்கிள் என்று கூப்பிடுகிறாயே, உன் ஆய்வுக்கூடத்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, நீ போன் அடித்தால் இன்னும் வந்து நிற்கிறானே, அவன் மேல். அவன் பெயர் உனக்குத் தெரியும், உன் அக்காவுக்கும் தெரியும். நான் அந்தப் பெயரைச் சொல்லிப் பல வருஷமாகிறது. இந்தக் கடிதத்திலும் நான் சொல்லும் வரை எழுதாதே என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கிள்ளானுக்கு வருவாய். சாப்பிடுவாய், போனைப் பார்ப்பாய், "எப்படிப்பா இருக்கீங்க, மருந்து சாப்டீங்களா" என்பாய், மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவாய். வெள்ளிக்கிழமை அவன் வீட்டில் மீன் குழம்பு. அவர்கள் வேதக்காரர்கள், வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டார்கள். நீ அங்கே போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பாய் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று நினைக்கிறாய்? ஒரு வெள்ளிக்கிழமை அக்காவிடம் ஆஸ்பத்திரி என்று பொய் சொல்லிவிட்டு, கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன். அவன் அடுக்குமாடிக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அங்கே தூண் பக்கமாக உட்கார்ந்து மூன்று கிளாஸ் தே குடித்தேன். கடைக்காரப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன அங்கிள், யாரையாச்சும் தேடுறீங்களா?"

"இல்லம்மா. சும்மாத்தான்."

அந்த நேரம் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் கீழே இறங்கி வந்தீர்கள். அவன் கை உன் தோள் மேல். அவன் ஏதோ சொன்னான். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உன் பல்லெல்லாம் தெரிய நீ சிரித்து நான் பார்த்தது, உன் கல்யாணத்துக்கு முன்னால். என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"அந்தா போறான் பாரு, அது என் மகன்."

"அவரா? ஐயோ, நான் அந்த அங்கிளோட மகன்னு நெனச்சேன்லா! வாராவாரம் வருவாரே."

தே காசை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். கிள்ளான் வருகிற வரைக்கும் அந்தப் பெண்ணோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பேரில் ஒரு தப்பும் இல்லை. அவன் உன்னை மகனே என்றுதான் கூப்பிடுகிறான், ஊரே கேட்கும்படி. நம் வீட்டில் நீ எப்போதும் தம்பிதான். அந்தச் சொல்லை நானும் எடுத்துக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று ஒருநாள் தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவனுடையது ஒன்றை ஏற்கெனவே எடுத்திருக்கிறேன்.

எடுத்தது இப்படித்தான். காப்பார் ரோட்டில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு சீன முதலாளியின் பட்டறையில் நானும் அவனும் ஒன்றாக வேலை பார்த்தோம். மரம் நறுக்குகிற பெரிய கத்திகள் அங்கே பழுதுக்கு வரும். இரும்புக் கத்தியின் விளிம்பில் டங்ஸ்டன் கலந்த கெட்டியான பட்டையை வெள்ளிப் பற்றாசு போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டும்போது அழகாக ஒட்டும். ஆறும்போது இரும்பு அதிகமாகச் சுருங்கும், பட்டை கொஞ்சமாகத்தான் சுருங்கும். இரண்டும் இழுத்துக்கொண்டு, பட்டை டிக் என்று கீறிவிடும். மதியம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த டிக் கேட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது. பத்துக் கத்தி ஒட்டினால் ஆறு கீறியது. ரிங்கிட் விழுந்த நேரம், வெளியிலிருந்து வருகிற பட்டையின் விலை ஏறிவிட்டது. தவுக்கே தினமும் கத்தினார். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார் என்று பேச்சு.

அவன் ரயில்வேக் குடும்பத்துப் பையன். பழைய எஞ்சின்களில் இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் செம்பு வளையம் வைத்திருப்பார்கள், செம்பு மெத்தென்று இருப்பதால் இரண்டு பக்க இழுப்பையும் அது வாங்கிக்கொள்ளும் என்று அவன் அப்பா சொன்னதை நினைவு வைத்திருந்தான். ஒரு நாள் சாயங்காலம் மற்றவர்கள் போன பிறகு, உடைத்துப் போட்ட டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு செம்புப் பட்டையை எடுத்தான். சுத்தியலால் தட்டி மெலிசாக்கினான். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மிருதுவாக்கினான். இரும்புக்கும் டங்ஸ்டன் பட்டைக்கும் நடுவில் அதை வைத்து, இரண்டு பக்கமும் பற்றாசு கொடுத்துச் சூடேற்றினான். உருகி வரும்போது குறட்டால் பட்டையைப் பிடித்து, ஒரு தரம் இந்தப் பக்கம், ஒரு தரம் அந்தப் பக்கம் மெல்லத் தேய்த்தான். உள்ளே நின்ற குமிழியெல்லாம் ஓரத்தில் வெளியே வந்தது. நான் மிதிவண்டியை எடுக்க மறந்து பக்கத்தில் நின்று பார்த்தேன். லோரி ஓட்டும் பாக் டின்னும் பார்த்தார். மூன்று பேரும் அது ஆறும் வரை காத்திருந்தோம். டிக் கேட்கவில்லை.

அன்றைக்கு அவன் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று போன் வந்தது. மூன்றாவது பிரசவம். அவன் ஓடிவிட்டான். மறுநாள் காலை தவுக்கே வந்து கத்தியைக் கையில் எடுத்தார். தட்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். பட்டறை முழுக்க நின்றது. "இனி சியாப்பா புஞா அக்கால்?" என்று மலாயில் கேட்டார், இது யாருடைய யோசனை என்று. கேட்கும்போது அவர் கண் என் மேல் இருந்தது. கத்திக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.

நான் வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை, தம்பி. தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். எத்தனையோ வருஷம் இதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஏன் ஆட்டினாய் என்று நீ கேட்பாய். அவனுக்கு இங்கிலீஷ் பேப்பர் படிக்க வரும். தவுக்கேயின் காகிதங்களை அவன்தான் வாசித்துச் சொல்வான். மத்தியானம் பாட்டுப் பாடுவான், எல்லாரும் அவனைச் சுற்றித்தான் உட்காருவார்கள். எனக்குக் கை மட்டும்தான் இருந்தது. என் கையால் செய்ய முடிகிற வேலையிலும் அவன் ஒரு சாயங்காலத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டான். பொறாமை இன்றைக்கு வந்ததில்லை. அன்றைக்கே அது என் கழுத்தைப் பிடித்து ஆட்டியது.

அந்த வாரமே என்னைத் தலைமை ஆளாக்கினார் தவுக்கே. அவன் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் இனிப்புப் பெட்டியோடு வந்தான். விஷயம் அவன் காதுக்குப் போயிருந்தது. கத்தியை எடுத்து ஒட்டுமேல் கட்டைவிரலை ஓட்டினான்.

"நல்லா ஒட்டியிருக்கு அண்ணே" என்றான். எனக்கு முதல் இனிப்பைக் கொடுத்தான்.

இரண்டு வாரத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். செம்பு வேலை தெரிந்த ஆள் என்று என்னை வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவனும் ஒருவன், கைக்குழந்தையோடு. போகும்போது மிச்சம் இருந்த செம்புப் பட்டையை என் மேசையில் வைத்தான். "தீந்து போச்சுன்னா பழைய டிரான்ஸ்பார்மர்ல பாருங்க அண்ணே." அது குத்தலா, நல்ல மனசா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. குத்தலாக இருந்தால் நன்றாக இருக்கும். பாக் டின் அதன் பிறகு என்னோடு உட்கார்ந்து தே குடித்ததே இல்லை. உன் அம்மா தன் புருஷன் கண்டுபிடித்த வேலை என்று கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. உனக்கும் அக்காவுக்கும் அவள் சொன்ன கதை அதுதான். நீங்கள் படித்தது அந்தத் தலைமை ஆள் சம்பளத்தில். இதை எழுதும்போது உன் அக்காவின் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

அவன் கொஞ்ச காலம் பள்ளி வேன் ஓட்டினான் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஆய்வுக்கூடத்துப் பட்டறையில் வேலை கிடைத்தது. எத்தனையோ பட்டறை இருக்கிற இந்த ஊரில் நீ போய் அவன் கையில் விழுவாய் என்று நான் நினைக்கவில்லை.

போன தீபாவளிக்கு முன்னால் காஜாங் பக்கம் உன் ஆய்வுக்கூடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். அவன் அங்கே இருப்பான் என்று நீ சொல்லவில்லை. உனக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. பழைய சிநேகிதர்களைச் சேர்த்து வைக்கிறோம் என்று நினைத்திருப்பாய். இரும்புப் பீப்பாய் போல ஒரு இயந்திரம். பக்கத்தில் பம்பு ஓடுகிற சத்தம். தடித்த கண்ணாடி வைத்த ஒரு சின்ன ஜன்னல்.

"கிட்ட வாங்கப்பா. இதுக்குள்ள காத்தே கிடையாது. உறிஞ்சி எடுத்துட்டோம்."

உள்ளே பென்சில் கனத்துக்கு ஓர் ஒளி. ரோஜா நிறமும் ஊதாவும் கலந்தது. சத்தமில்லாமல் நேராக நின்றது.

"நெருப்பா தம்பி?"

"நெருப்பு இல்லப்பா, பிளாஸ்மா. ஹைட்ரஜன் வாயுவ மின்சாரத்தால அடிச்சு உடைச்சா இப்படி ஆயிரும். காந்தம்தான் அத நேரா புடிச்சு வச்சிருக்கு."

"தொட்டா?"

"தொட்டுப் பாருங்க அண்ணே" என்றான் அவன், மூலையில் நின்றுகொண்டு. "அப்புறம் மோதிரம் போட விரல் மிச்சம் இருக்காது."

நீயும் உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளும் சிரித்தீர்கள். நாற்பது வருஷம் தீயைக் கையில் பிடித்தவன் நான். அந்தத் தீ இரையும், துப்பும், சட்டையைப் பொசுக்கும். உன் தீ ஒரு வார்த்தை பேசாமல் என் தீயை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. அதன் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. நீ அதைப் பார்த்த பார்வை மேல் அதைவிட அதிகம்.

நீ பொறுமையாகத்தான் சொன்னாய். "சூரியனுக்குள்ள நடக்கிறத ஒரு பெரிய அண்டாவுக்குள்ள நடத்தி கரண்ட் எடுக்கப் பாக்குறாங்கப்பா. காந்தத்தால அத அந்தரத்துல தூக்கி வச்சிருவாங்க. இருந்தாலும் அடியில ஒரு இடத்துல சூடு வந்து அடிக்கும். அங்க எந்தச் சுவரு நிக்கும்னு பாக்கிறதுதான் என் வேலை." தபால்தலை அளவில் ஒரு டங்ஸ்டன் வில்லை. அதற்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற செம்புக் கலவைக் கட்டை. ஒளி பட்டதும் வில்லை சிவந்தது, பிறகு வெளுத்தது. நிறுத்தினாய், இருண்டது. திரும்ப ஏற்றினாய். இப்படியே நூற்றுக்கணக்கான தரம் என்றாய். எனக்கு உடனே காது தன்னால் கூர்ந்தது. டிக் வருமா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். உன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அது கேட்காது என்று தெரிந்தும்.

"முன்னாடி பண்ணதுல எல்லாம் டங்ஸ்டன் தாங்கிருச்சுப்பா. ஒட்டுன இடம்தான் தாங்கல. நடுவுல சுத்தச் செம்பு வைக்கணும்னு புத்தகத்துலயே இருக்கு. ஆனா நாங்க ஒட்டுனா உள்ள குமிழி நின்னுரும். அங்கிள்தான் உருகும்போது எப்படித் தேய்க்கணும்னு காட்டுனாரு." அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். என் பக்கம் திரும்பினாய். முகமெல்லாம் பெருமை. "ஆனா இந்த வேலைய மொதல்ல கண்டுபுடிச்சது நீங்கதானேப்பா? அம்மா சொல்லிருக்காங்க."

பம்பு ஓடியது. அவன் கண்ணை நான் பார்க்கவில்லை. இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். கோபப்பட்டிருப்பேன், இல்லை என்று சண்டை போட்டிருப்பேன், அவன் கெட்டவனாகியிருப்பான்.

"ஆமா மகனே" என்றான். "உங்கப்பாதான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

நான் தலையை ஆட்டினேன், தம்பி. இரண்டாவது தரமாக. முதல் தரம் பட்டறைக்கு முன்னால், இந்தத் தரம் உனக்கு முன்னால். காஜாங்கில் சாத்தே வாங்கிக் கொடுத்தாய். "ஏன்பா சாப்பிட மாட்டேங்கிறீங்க, காரமா?" என்று கேட்டாய். பல் வலி என்றேன். என் இடத்தையே அவன் எடுத்துக்கொண்டு, தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டான். திருட வந்தவனை உட்கார வைத்துச் சோறு போட்டது போல் இருந்தது. நான் எடுத்ததை அவன் தானாகக் கொடுத்ததாக ஆக்கிவிட்டான். அந்தப் பெரிய மனசின் மேல் எனக்கு வந்த பொறாமை, மீன் குழம்பின் மேல்கூட வந்ததில்லை.

இங்கே உன் அக்கா குறுக்கே பேசுகிறாள். "அம்மாவும் உங்களுக்கும் தம்பிக்கும் நடுவுல செம்பு மாதிரித்தானேப்பா இருந்தாங்க? அத எழுதட்டுமா?" வேண்டாம் என்றேன். செம்பு செம்புதான், உன் அம்மா உன் அம்மாதான். அந்த மாதிரிப் பேச்சு படித்தவர்களுக்கு வரும்.

உனக்கு நான் புத்தி சொல்லத் தகுந்த ஆள் இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது நான் கெட்டுத் தெரிந்துகொண்டது. ஜெர்மனியில் உன் வில்லைகளை இதைவிடப் பெரிய பிளாஸ்மாவில் வைப்பார்கள் என்றாய். அவை தாங்கினால் பெரிய மனிதர்கள் உன்னைச் சுற்றி நின்று, இது யாருடைய யோசனை என்று கேட்பார்கள். கேட்கும்போது உன்னைத்தான் பார்ப்பார்கள். அந்த நேரம் தலை தானாக ஆடும். கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திற. பக்கத்தில் இல்லாதவன் பெயரைச் சொல். அவன் பிரசவ ஆஸ்பத்திரியில் இருப்பான், வேன் ஓட்டிக்கொண்டிருப்பான், இன்னொரு நாட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். அவன் வந்து கேட்க மாட்டான். கேட்காதவன்தான் கடைசி வரைக்கும் உன்னை விட மாட்டான்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் என் பெயரை எடுத்துவிடு. உன் மேசை மேல் இருக்கிற என் படத்தையும் எடுக்க வேண்டும் என்று தோன்றினால் எடு, நான் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்றாலும் கேட்க மாட்டேன், ஆனால் வாசல் கதவைத் திறந்து வைத்திருப்பேன். பெயரை எடுத்த இடத்தைக் காலியாக விடாதே. அங்கே வேறு பெயர் வர வேண்டும். அது உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் என் வாயிலிருந்து வர வேண்டும். பத்திரிகை வாசிக்கிறவர்களும் கேட்கட்டும்.

அந்தக் கத்தி ஆறும் வரை காத்திருந்தவர்களில் பாக் டின் பெருந்தொற்றுக் காலத்தில் போய்விட்டார். கடைசி முறை பார்க்கக்கூட விடவில்லை. தவுக்கே அதற்கும் முன்னால் போனார். அவருடைய மகன்கள் பட்டறையை இடித்துக் கிடங்காக்கிவிட்டார்கள். நான் தலையாட்டியதைப் பார்த்து நின்ற மற்றவர்களையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன், அத்தனை பேருடைய சாவுக்கும் நான் போயிருக்கிறேன். உன் அம்மா என்னைப் பற்றிய பெருமையோடு போனாள், அதை இனிமேல் திருத்த முடியாது. என்னை உயிரோடு இருப்பவர்களின் கணக்கில் சேர்க்காதே, நான் அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை, பக்கத்தில் நின்றவன். செம்பை நடுவில் வைத்த கை இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை உனக்கு மீன் குழம்பு ஊற்றுகிறது. சொல்லும்போது இப்போதும் எரிகிறது, இருந்தாலும் சொல்கிறேன். அக்கா பேனாவோடு காத்திருக்கிறாள். எழுதம்மா, அவன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுது.

அருளப்பன் மகன் சூசைநாதன்.